1950களின் அமெரிக்க வீட்டில் சுத்தியலைத் தூக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூ ஜெர்சி, நியூயார்க்கின் லாங் ஐலண்ட், கலிஃபோர்னியாவின் சன்னிவேல் பக்கம் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு 1950களில் கட்டிய வீடுகள் அடிக்கடி கண்ணில் படும். நல்ல மனை, நல்ல பள்ளிக்கூடம், பழைய சமையலறை. சாவி கைக்கு வந்த வாரமே சுவரை இடிக்க ஆள் பேசிவிடுகிறார்கள். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

முதல் தவறு, பத்திரத்தில் இருக்கும் ஆண்டை வீடு முழுவதற்கும் வயதாக எடுத்துக்கொள்வது. லாங் ஐலண்டில் ஒரே அச்சில் வீடுகளைக் கட்டித் தள்ளிய லெவிட்டவுன் குடியிருப்பில் 1947 முதல் 1951 வரை 17,447 வீடுகள் எழுந்தன. ஆரம்பகால வீடு 750 சதுர அடிதான்: இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, தலைக்கு மேல் வேலை முடிக்காத மாடி. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இளம் கணவர்கள், அரசு உத்தரவாதம் தந்த கடனில் குடும்பத்தோடு குடியேறினார்கள். கறுப்பினக் குடும்பங்களுக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது. அந்த அநியாயத்தை மறைத்துவிட்டு அந்த ஊரைப் பற்றிப் பேசக் கூடாது.

குழந்தைகள் பிறக்கப் பிறக்க வீடும் வளர்ந்தது. சனி, ஞாயிறுகளில் அப்பா ரம்பத்தை எடுத்து மாடியை அறையாக்கினார். அப்புறம் பின்பக்கம் ஓர் அறை நீண்டது. கார் நிற்கும் இடத்துக்குச் சுவர் வந்தது. வீட்டு வேலையைத் தாங்களே செய்துகொள்ளும் இந்த ஆர்வத்தை டைம் பத்திரிகை 1954இல் அட்டைப்படக் கட்டுரையாகவே போட்டது. ஆக, ஒரே கூரையின் கீழ் மூன்று நான்கு காலத்து வேலைகள் இருக்கும். உங்கள் ஊர் அலுவலகத்தில் பழைய கட்டட அனுமதிகளை (பர்மிட்) கேட்டு வாங்கி, எந்த அறை எப்போது வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பர்மிட்டே இல்லாத அறை என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை.

அடுத்தது மிகவும் ஆபத்தான தவறு: சோதிக்காமல் சுரண்டுவது. தரைவிரிப்பைத் தூக்கினால் கீழே ஒன்பது அங்குலச் சதுர டைல்ஸ் தெரிகிறதா? அதில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற, புற்றுநோய் தரக்கூடிய நார் இருக்க வாய்ப்பு அதிகம். அதை ஒட்டிய கறுப்புப் பசையிலும் இருக்கலாம், மேற்கூரையில் பொரி பொரியாகத் தெளித்த பூச்சிலும் இருக்கலாம். கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம், உடையாமல் கிடக்கும் டைல்ஸால் பெரிய ஆபத்து இல்லை. அப்படியே விட்டு மேலே புதுத் தரை போட்டுவிடலாம். மெஷின் வைத்துத் தேய்த்துத் தூளாக்கும்போதுதான் அது நுரையீரலுக்குள் போகிறது.

பரணையும் பாருங்கள். சரளைக்கல் அளவில், பழுப்பும் வெள்ளியுமாக மினுமினுக்கும் துகள்கள் கொட்டிக் கிடந்தால் அது வெர்மிகுலைட். குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டைக் காக்க, மூட்டையாக வாங்கி வீட்டுக்காரர்களே கொட்டிக்கொண்டது. அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் பெரும்பகுதி மொன்டானா மாநிலத்தின் லிபி சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே வெட்டிய தாதுவிலேயே ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. 1990இல்தான் சுரங்கம் மூடப்பட்டது. அந்தப் பரணில் கொலு பொம்மைப் பெட்டிகளை வைக்காதீர்கள், பிள்ளைகளை ஏற விடாதீர்கள்.

பெயிண்ட் விஷயமும் இதே மாதிரிதான். வீடுகளுக்கான பெயிண்டில் காரீயம் கலப்பதை அமெரிக்கா 1978இல்தான் தடை செய்தது. பழைய ஜன்னலைத் திறந்து மூடும்போது உராய்ந்து விழும் தூசி, தவழும் குழந்தையின் கையிலிருந்து வாய்க்குப் போகும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர்ந்த பெயிண்டைச் சாண்ட்பேப்பரால் தேய்க்கவே கூடாது. 1978க்கு முந்தைய வீட்டில் கூலிக்குப் பெயிண்டைக் கிளறி வேலை செய்பவர்களுக்குக் காரீயப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும் என்பது 2010 முதல் சட்டம். கேட்கக் கூச்சப்படாதீர்கள். காட்டத் தயங்குபவரை நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

மின்சாரத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இரண்டு துளைப் பிளக் பாயின்ட்டைக் கழற்றிவிட்டு மூன்று துளை பாயின்ட்டை மாட்டுகிறார்கள். பார்க்கப் புதிதாக இருக்கும். பின்னால் எர்த் கம்பியே இருக்காது. புது ஒயர் இழுப்பது நல்லது. முடியாவிட்டால், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பாயின்ட்டை மாட்டி, 'எர்த் இல்லை' என்ற குறிப்பையும் ஒட்ட விதிகள் இடம் தருகின்றன. பின்னால் சேர்த்த அறை 1965க்கும் 1973க்கும் இடைப்பட்டதாக இருந்தால் அலுமினிய ஒயர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். செம்பு விலை ஏறிய காலத்தில் போட்டது அது. இணைப்புகள் தளர்ந்து சூடாகித் தீப்பிடிக்கலாம்.

சன்னிவேல், பாலோ ஆல்டோ பக்கம் ஐக்லர் வீடு வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று. அவற்றைக் கட்டி விற்ற ஜோசப் ஐக்லர் எல்லா இனத்தவருக்கும் வீடு விற்றவர் என்பதால் அந்த வீடுகள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அவற்றின் கான்கிரீட் தரைக்குள் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. வீட்டைச் சூடாக்குவது அவைதான். லெவிட்டவுனிலும் இதே முறைதான். குழாய் எங்கே போகிறது என்று வெப்பக் கேமரா வைத்துப் பார்க்காமல் தரையில் ட்ரில் போட்டால், ஒரே துளையில் வீட்டின் வெப்பம் போய்விடும்.

மண்ணுக்குள் இருப்பதை மறந்துவிட்டு மேலே செலவழிப்பதும் தவறு. மரநாரையும் தாரையும் சேர்த்துச் செய்த ஆரஞ்ச்பர்க் குழாய்கள் போருக்குப் பின் கழிவுநீருக்கு நிறையப் போடப்பட்டன; நாளடைவில் நசுங்கிவிடும். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, தோட்டத்தைத் தோண்டும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. நியூ ஜெர்சியில், வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை வைத்திருந்த பழைய தொட்டி மண்ணில் புதைந்திருக்கிறதா என்றும் வாங்குவதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

குளியலறைச் சுவரை உடைக்கிறவர்கள் கனமான கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து மருந்து அலமாரிகளின் பின்பக்கம் சின்னப் பிளவு இருக்கும். ஷேவ் செய்த பிளேடை அதில் போட்டால் சுவருக்குள்ளேயே விழும். அத்தனை வருடத்துப் பிளேடுகளும் அங்கேயே கிடக்கும். அந்தக் காலத்துக் குளியலறைகளின் இளஞ்சிவப்பு டைல்ஸைக் கட்டாயம் உடைக்கத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். கெட்டியான சிமென்ட் கலவையில் பதித்தவை, இன்னும் பல வருடம் தாங்கும்.

கடைசியாக, நம் சமையல். தாளிப்புப் புகையை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடும் அடுப்பு ஹுட் போதாது. சுவர் வழியாகவோ கூரை வழியாகவோ வெளியே தள்ளுவது வேண்டும். குழாயைப் பரணிலேயே முடித்துவிடும் வேலையாட்களும் உண்டு. மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன் வெளியே போய், ஹுட்டைப் போடச் சொல்லி, காற்று வருகிறதா என்று கை வைத்துப் பாருங்கள்.