தொப்பூர் இறக்கத்தில் லாரிக்கு முன்னால் புகாதீர்கள்

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் காரில் செல்பவர்கள், தொப்பூர் கணவாய் வருவதற்கு முன்பே கைப்பேசியைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 5 விநாடி திரையைப் பார்த்தால், சுமார் 110 மீட்டரைச் சாலையைப் பார்க்காமலே கடந்துவிடுவீர்கள்.

நீண்ட இறக்கத்தில், பாரம் ஏற்றிய லாரியின் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். டீசலை மிச்சப்படுத்துகிறேன் என்று நியூட்ரலில் இறக்குபவர்களும் உண்டு. என்ன மிச்சமோ! ஆகவே லாரிக்கு முன்னால் புகுந்து பிரேக் போடாதீர்கள்.

இடப்புறமாக முந்துவது இன்னும் மோசம். ஓட்டுநர் வலப்பக்கம் அமர்ந்திருப்பதால், இடது கதவோரம் செல்லும் கார், பைக் பெரும்பாலும் அவர் பார்வையில் படாது. லாரியின் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரியாவிட்டால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சமதளம் வந்ததும் ஹாரன் அடித்து, வலப்புறமாகத் தயங்காமல் கடந்துவிடுங்கள். பக்கவாட்டிலேயே ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டாம். உங்கள் உட்புறக் கண்ணாடியில் லாரியின் முகப்பு முழுவதும் தெரிந்த பிறகே இடப்பக்கம் வாருங்கள்.