ஆமாம், சரி, கண்டிப்பாக: எதை எங்கே சொல்வது?

‘ஆம்’ என்பதற்கு ஒத்த சொல் கேட்டால் ஆமாம், சரி, உண்டு, நிச்சயமாக, கண்டிப்பாக, கட்டாயம் என்று அடுக்கிவிடலாம். ஆனால் ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்றை வைத்தால் பேச்சு இடறும், அதனால் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட எதிராளி என்ன கேட்கிறார் என்று கவனிப்பதுதான் முதல் வேலை.

நடந்தது உண்மையா என்று கேட்டால் ஆமாம். ஒன்றைச் செய்யச் சொன்னால் சரி. “கதவைச் சாத்து” என்பதற்கு யாரும் “ஆமாம்” என்று சொல்வதில்லை. பெரியவர்களிடம் ஆமாங்க, சரிங்க. எழுத்தில் ‘ஆம்’ போதும், பேச்சில் அதையே சொன்னால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

இதையெல்லாம்விட இயல்பான வழி ஒன்று உண்டு, கேள்வியில் இருக்கும் வினையையே திருப்பிச் சொல்வது. “வருவாயா?” “வருவேன்.” “தெரியுமா?” “தெரியும்.” “உண்டா?” “உண்டு.” இதில் ‘ஆம்’ என்ற சொல்லே இல்லை, ஆனாலும் பதில் முழுமையாக இருக்கிறது. நன்னூல் விடைகளை எட்டு வகையாகப் பிரிக்கும்போது, இப்படி உடன்பட்டுச் சொல்வதை ‘நேர்’ என்கிறது. நேர்விடை என்று பள்ளியில் படித்திருப்போம். தமிழைப் புதிதாகக் கற்பவர்கள் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவதை விட்டு இந்தப் பழக்கத்துக்கு வந்தாலே பேச்சு பாதி சரியாகிவிடும் என்பது என் எண்ணம்.

அழுத்தம் வேண்டுமா? அப்போது நிச்சயமாக, கண்டிப்பாக, கட்டாயம் மூன்றும் வரிசையில் நிற்கும். “கண்டிப்பாக வருகிறேன்”, “நிச்சயமாக வருகிறேன்” இரண்டும் வாக்குதான், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ‘வேண்டும்’ சேரும்போது பாருங்கள்: “கண்டிப்பாக வர வேண்டும்”, “கட்டாயம் வர வேண்டும்” என்று அழைக்கிறோம், அங்கே ‘நிச்சயமாக’ அவ்வளவாக ஒட்டாது, ஏனென்றால் அது ஐயமில்லை என்று சொல்லும் சொல், மற்ற இரண்டிலும் வற்புறுத்தல் கலந்திருக்கிறது. ‘உறுதியாக’ என்பதை ‘சொல்கிறேன்’, ‘நம்புகிறேன்’ போன்ற வினைகளோடு வையுங்கள். சின்னதாக அழுத்த ஒரு ‘தான்’ போதும்: உண்மைதான், அவர்தான்.

ஒரு எச்சரிக்கை. ‘ஆம்’ வினையின் வாலில் ஒட்டினால் உறுதி போய்விடும். “வருவார்” என்றால் நீங்களே சொல்கிறீர்கள், “வருவாராம்” என்றால் யாரோ சொன்னதைக் கடத்துகிறீர்கள். அதேபோல “பார்க்கலாம்” என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் அது தள்ளிப்போடுவதுதான். அலைபேசியில் வரும் ‘ம்’ கூட அப்படியே, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இருக்க வேண்டியதில்லை. வேலை விஷயம் என்றால் “சரி, செய்கிறேன்” என்று எழுதிவிடுங்கள்.

அதிகம் குழம்புவது எதிர்மறைக் கேள்வியில். “நீ போகவில்லையா?” என்பதற்கு வெறும் “ஆமாம்” என்றால் போகவில்லை என்று ஒருவர் எடுத்துக்கொள்வார், போனதாக இன்னொருவர். வெறும் “இல்லை” என்றாலும் அதே கதைதான். அங்கே வினையைச் சேர்த்தே ஆக வேண்டும்: “ஆமாம், போகவில்லை” அல்லது “இல்லை, போனேன்.”