காப்பித்தூள் டப்பாவை எத்தனை தடவை மோந்து பார்க்கிறீர்கள்?

கொரோனா நேரத்தில், 2020 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மத்திய அரசு மாசம் 500 ரூபாய் போட்டது. திருமங்கலம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்தவள் நான். காலை ஏழு மணிக்கே வரிசை நிற்கும். ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து நீட்டும் பாஸ்புக் வியர்வையில் ஊறியிருக்கும். காது கேட்காத அப்பத்தாக்கள் மாஸ்க்கை இறக்கிவிட்டுத்தான் பேசுவார்கள், அவர்களை என்ன சொல்ல முடியும்? சாயங்காலம் கொல்லையில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். உள்ளே எழுபத்தஞ்சு வயது மாமியார்.

பயமாயிருக்கிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கொரோனா வந்தால் வாசம் தெரியாமல் போகலாம் என்றார்கள். அதனால் காலையில் எழுந்ததும் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பேன். வாசம் வந்தால் நிம்மதி. கால் மணி நேரத்தில் மறுபடி சந்தேகம், மறுபடி டப்பா. ஆபீசில் சானிடைசரை மோந்தேன். மே 4 அன்று மீனாட்சி கல்யாணத்தை செல்போனில் பார்த்து மஞ்சக்கயிறு மாற்றும்போது விரல் நடுங்கி முடிச்சு விழவேயில்லை. அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் என்னைக் கவனித்தார்.

கொள்ளைநோய் நேரத்தில் வேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்றிருக்கிறவர்களுக்கு, எனக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

முதலில் எண்ணுங்கள். எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்களோ, ஒவ்வொரு தடவைக்கும் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். என் முதல் நாள் கணக்கு இருபத்திமூன்று. அடியோடு நிறுத்தப் பார்க்காதீர்கள், அது முடியாது. மோந்து பார்க்கத் தோன்றியதும் பத்து நிமிஷம் தள்ளிப் போடுங்கள். படபடப்பு ஏறும், உச்சிக்குப் போகும், சும்மா விட்டால் தானே இறங்கும். உடனே டப்பாவைத் திறந்துவிட்டால், டப்பாதான் நம்மைக் காப்பாற்றியது என்று மனசு பழகிவிடும். ஒரு வாரம் பத்து, அடுத்த வாரம் இருபது. நான் பூ தொடுத்துக்கொண்டே அந்த நிமிஷங்களைக் கழித்தேன்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரும் அப்படித்தான். நோய் வந்து டாக்டர் சொல்லியிருந்தால், சொன்ன நேரத்துக்கு மட்டும் பாருங்கள். மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால், விரல் ஜில்லிட்டிருந்தால், அளவு தப்பாகக் காட்டும். இதை அறியாமல் நான் ஒரு ராத்திரி முழுக்க அழுதிருக்கிறேன். சாவுச் செய்தி வருகிற வாட்ஸப் குரூப்பை மியூட் செய்யுங்கள், அவ்வளவுதான்.

வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆறுதல் சொல்லத் தெரியவில்லையென்றாலும் பரவாயில்லை. "உனக்கு ஒண்ணும் இல்ல" என்று அடிக்கடி சொல்ல வேண்டாமென்று அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அதுவும் இன்னொரு காப்பித்தூள் டப்பா ஆகிவிடும்.

தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், படபடப்போ சோர்வோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். நான் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று சேலைத்தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர், எதிரே பையோடு ஒரு டீச்சர். முக்காட்டை எடுத்துவிட்டேன். மாத்திரை கொடுத்தால், பலன் தெரிய இரண்டு, நாலு வாரம்கூட ஆகும். பத்து நாளில் நான் நிறுத்தப் பார்த்தேன். அப்படிச் செய்யாதீர்கள், டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்கவேண்டும்.

செத்துவிடலாமென்று ஒரு தடவை தோன்றினாலும் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள், அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். ராத்திரி எந்நேரமானாலும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

மேனேஜராக இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நான் இரண்டு நாள் லீவு கேட்டபோது, "காய்ச்சலா?" என்று மட்டும்தான் கேட்டார்கள். இல்லையென்றதும் லீவும் இல்லை. கவுண்டரில் ஆளை மாற்றி மாற்றி உட்காரவைத்திருந்தாலே பாதி பாரம் இறங்கியிருக்கும்.

டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பதென்று தயங்காதீர்கள். "தூக்கமில்ல, நெஞ்சு படபடங்குது, இத்தனை நாளாச்சு" என்று சொல்லுங்கள். கோடு போட்ட காலண்டரையும் கையோடு கொண்டுபோங்கள். அதை வைத்தே மிச்சத்தை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.