இருமினால் கசிந்த சிறுநீர்: நான் சரிசெய்த விதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து இரண்டு மாதம். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிந்தது. "பிள்ளை பெத்தா அப்படித்தான்மா" என்றார் அத்தை. தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய காலத்திலிருந்தே அவருக்கும் உண்டாம். 30 வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அதைக் கேட்டு மனசு பொறுக்கவில்லை. மறுநாளே கிளினிக் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) சொன்னேன்; பிசியோவிடம் (உடற்பயிற்சி சிகிச்சை தருபவரிடம்) அனுப்பினார்.

கசிவை நிறுத்த நானாகச் செய்துவந்த பயிற்சி தப்பு என்று அங்கேதான் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கியிருக்கிறேன். பின்பக்கம் காற்று பிரியாமல் அடக்குவதுபோல, இடுப்புத்தளத் தசையை (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசையை) மட்டும் உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். மூச்சு இயல்பாக ஓட வேண்டும். முதலில் 3 எண்ணும்வரைதான் தாங்கியது. மெல்ல மெல்ல 10 வரை கொண்டுபோனேன். ஒவ்வொரு முறையும் முழுசாகத் தளர்த்தவும் வேண்டும், இது முக்கியம். 10 தடவை, நாளுக்கு 3 வேளை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதே செய்தேன். சிறுநீர் போகும்போது பாதியில் அடக்கிப் பழகக் கூடாது.

அப்புறம், இருமல் வரும்போல இருந்தால் முந்திக்கொண்டு இறுக்கிவிடுவேன். எனக்கு அதிகம் கைகொடுத்தது அதுதான்.

பெங்குங் (பிரசவத்துக்குப் பின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் மலாய்த் துணிக்கட்டு) கட்டியது இடுப்புக்கு இதமாக இருந்தது, கசிவை நிறுத்தவில்லை. பயிற்சி தொடங்கி மூன்று மாதத்தில் நின்றது. இப்போது அத்தையும் என்னோடு உட்கார்ந்து செய்கிறார்.