சியா விதைக்குத் தனிச் சமையல் வேண்டாம்: தோசை, சப்பாத்தி, தயிர்சாதத்திலேயே சேர்க்கலாம்

எங்கள் வீட்டில் சியா பாக்கெட் ஒன்று மூன்று மாதம் பெருங்காய டப்பாவுக்குப் பின்னாலேயே கிடந்தது. வாங்கும்போது இருந்த வேகம், வீட்டுக்கு வந்ததும் "இதை எதில் போடுவது?" என்ற இடத்தில் நின்றுவிட்டது. இணையத்தில் தேடினால் ஸ்மூத்தி, புட்டிங், ஓட்ஸ் என்றுதான் வருகிறது. காலையில் இட்லியும் மதியம் சோறும் சாப்பிடுகிற வீட்டில் யார் தினமும் புட்டிங் செய்வது? அப்புறம்தான் புரிந்தது, இந்த விதைக்கென்று சொந்த ருசியே கிடையாது, அதனால் அதற்காகப் புதிதாக எதுவும் சமைக்கத் தேவையில்லை, ஏற்கெனவே அடுப்பில் இருக்கிறதில் சேர்த்துவிட்டால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: முதலில் தண்ணீர் காட்ட வேண்டும்.

முதலில், வாங்கியது சியாதானா?

நிறையப் பேர் சப்ஜாவை வாங்கிவிட்டு சியா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் ஒரு தடவை அப்படித்தான் வாங்கி வந்தேன். ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். சப்ஜா எல்லாம் ஒரே மாதிரி கன்னங்கறுப்பாக இருக்கும். சியாவில் சாம்பல், கறுப்பு, வெள்ளை எல்லாம் கலந்திருக்கும், ஒவ்வொரு விதையிலும் காடை முட்டை மாதிரி கோலம் போட்டிருக்கும். தண்ணீரில் போட்டால் சப்ஜா சில நிமிடங்களிலேயே வெள்ளைப் போர்வை போர்த்திக்கொள்ளும், சியா நிதானமாகத்தான் உப்பும். சப்ஜா நம் திருநீற்றுப்பச்சிலையின் விதை. சியா மெக்சிகோ, குவாதமாலா பக்கத்துச் செடி, அஸ்டெக் மக்கள் காலத்திலேயே அங்கே முக்கியமான உணவு. இப்போது மைசூரு பக்கத்திலும் விளைவிக்கிறார்கள், அங்குள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் அதை ஊக்குவித்தது.

"ஏம்மா, நம்ம வீட்ல எள்ளு இல்லையா?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். சுண்ணாம்புச் சத்துக்கு எள்ளே போதும், சியாவைவிட எள்ளில் அது அதிகம். சியாவின் பலம் வேறு. ஒரு டேபிள்ஸ்பூனில், அதாவது சுமார் 12 கிராமில், ஏறக்குறைய 4 கிராம் நார்ச்சத்தும் 2 கிராம் புரதமும் இருக்கின்றன, அதோடு எள்ளில் அநேகமாக இல்லாத ஒமேகா 3 கொழுப்பும் இருக்கிறது. (அந்த ஒமேகா 3 ஆளிவிதையிலும் உண்டு. ஆளிவிதை தினமும் சாப்பிடுகிறவர்கள் இதை வாங்காவிட்டால் ஒன்றும் நஷ்டமில்லை.) தொப்பை கரையும், பத்து நாளில் எடை குறையும் என்று சொல்கிற வீடியோக்களைத் தள்ளிவிட்டு மேலே படியுங்கள்.

படி 1: சியாக் கூழ்

முதல் நாள் நான் செய்தது இதுதான். டம்ளரில் ஒரு ஸ்பூன் விதையைப் போட்டு, தண்ணீரை ஊற்றிவிட்டு, டிபன் பாக்ஸ் கட்டப் போய்விட்டேன். அரைமணி கழித்து வந்து பார்த்தால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் ஒரு கட்டி. டம்ளரைச் சாய்த்தால் தண்ணீர்தான் வந்தது, கட்டி அசையவே இல்லை. ஸ்பூன் காம்பால் குத்தி உடைத்தேன், உள்ளே பாக்கெட்டில் இருந்த மாதிரியே காய்ந்த விதைகள். நனைந்த உடனே விதைத்தோலிலிருந்து வழவழவென்று பசை மாதிரி வெளியே வரும், வெளிப்புற விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பவற்றுக்குத் தண்ணீரே போகாமல் அடைத்துவிட்டன.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அகலமான பாட்டிலிலோ கிண்ணத்திலோ ஒரு டம்ளர் (சுமார் 240 மில்லி) குடிதண்ணீரை முதலில் ஊற்றுங்கள். அதன் மேல் 2 டேபிள்ஸ்பூன் சியாவைத் தூவிக்கொண்டே கலக்குங்கள். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி நன்றாகக் கலக்குங்கள், இந்த இரண்டாவது கலக்கலைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பிறகு அரைமணி நேரம் அப்படியே விட்டால் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கெட்டியாகிவிடும். மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் நான்கு நாள் தாங்கும். ஈர ஸ்பூன், எச்சில் ஸ்பூன் போடக் கூடாது. இந்தக் கூழில் 3 டேபிள்ஸ்பூன் எடுத்தால் அதில் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் விதை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், மற்ற அளவெல்லாம் இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: சியாப் பொடி

மிக்ஸியின் சின்ன ஜார் துளி ஈரமில்லாமல் இருக்க வேண்டும். 4 டேபிள்ஸ்பூன் விதையைப் போட்டு விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று, அவ்வளவுதான். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு பிளேடுக்கு அடியில் அப்பிக்கொள்ளும், சுரண்டியே ஓய்ந்துபோவீர்கள். வறுக்க வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எண்ணெய் விதை என்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும்.

கூழும் பொடியும் தயாராகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 3: தயிர்சாதத்தில் தொடங்குங்கள்

முதல் முறை சேர்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. என் பையன் கூழை டம்ளரில் பார்த்துவிட்டு "அம்மா, இது தவளை முட்டையா?" என்று கேட்டான், அன்றோடு அவன் தட்டுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோக முடியவில்லை. ஆனால் தயிர்சாதத்தில் கடுகு தாளிப்போம் இல்லையா, அதில் கடுகோடு கடுகாகக் கலந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டான்.

ஒருவருக்கான சாதத்தைச் சூடாக இருக்கும்போதே குழைய மசித்துக்கொள்ளுங்கள். ஆறியபின் தயிர், உப்பு, 2 டேபிள்ஸ்பூன் கூழ் சேர்த்துப் பிசையுங்கள். வழக்கமாக ஊற்றுவதைவிட கால் டம்ளர் பால் கூடுதலாக ஊற்றுங்கள், ஏனென்றால் மதியத்துக்குள் சியா இன்னும் கொஞ்சம் ஈரத்தை இழுக்கும், டிபன் பாக்ஸைத் திறந்தால் களி மாதிரி நிற்கும். கடுகு, பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். மாதுளை முத்து இருந்தால் போடுங்கள், கண்ணுக்கு இன்னும் மறைவாக இருக்கும்.

மோரும் அப்படித்தான். ஒரு டம்ளர் நீர்மோரில் ஒரு டேபிள்ஸ்பூன் கூழ். எலுமிச்சை ஜூஸில் போடுவது மெக்சிகோக்காரர்களுக்கே பழைய வழக்கம், நாம் நன்னாரியிலும் ரோஸ் மில்க்கிலும் சப்ஜா போடுகிற மாதிரி.

படி 4: தோசை, அடை

இட்லி மாவில் ராத்திரியே போடாதீர்கள். நான் போட்டேன். புளிக்க வைக்கும்போதே இரண்டு கைப்பிடி விதையைக் கலந்துவிட்டால் காலையில் வேலை மிச்சம் என்று நினைத்தேன். காலையில் மாவு பொங்கியிருந்தது என்னவோ உண்மை, ஆனால் கரண்டியை நட்டால் நின்றது. மாவிலிருந்த தண்ணீரையெல்லாம் விதை குடித்துவிட்டிருந்தது. அன்று வந்த இட்லியைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் பேசுகிறார்கள்.

சரியான முறை இது: ஆறு தோசைக்கு வேண்டிய புளித்த மாவைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். 2 டீஸ்பூன் சியாப் பொடி, கால் டம்ளர் தண்ணீர் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். மறுபடி கெட்டியாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். மிச்சம் மாவு பாத்திரத்தில் பத்திரமாக இருக்கட்டும். இந்தத் தோசை மெத்தென்றுதான் வரும். முறுகல் வேண்டுமென்றால் மாவில் எதையும் கலக்காமல், கல்லில் தோசை ஈரமாக இருக்கும்போதே அரை டீஸ்பூன் முழு விதையை எள்ளு தூவுகிற மாதிரி தூவி, மேலே இட்லிப் பொடி, நல்லெண்ணெய். மாவின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வெந்துவிடும். பெரியவர்களுக்கு மட்டும் இந்த முறை, சட்னியோ சாம்பாரோ தாராளமாகத் தொட்டுக்கொண்டு.

அடை மாவில் எதற்கும் கவலையே வேண்டாம். அது ஏற்கெனவே கொரகொரப்பு, முருங்கைக்கீரை, வெங்காயம் எல்லாம் இருக்கிறது, பொடியோ கூழோ எதைப் போட்டாலும் யாருக்கும் தெரியாது.

படி 5: சப்பாத்தி

2 கப் கோதுமை மாவுக்கு, அதாவது சுமார் 250 கிராமுக்கு, ஒரு டேபிள்ஸ்பூன் பொடி. இது மாவின் எடையில் 5 சதவீதம் வரும். 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் ரொட்டி வகைகளில் சியா சேர்க்க முதலில் அனுமதி கொடுத்தபோது வைத்த உச்ச வரம்பும் இதே 5 சதவீதம்தான். கையில் பார்த்தாலும் அதற்கு மேல் போனால் மாவு பிசுபிசுத்து, திரட்டும்போது ஓரம் கிழிகிறது.

பொடியைக் காய்ந்த மாவிலேயே நன்றாகக் கலந்துவிட்டு, உப்பு போட்டு, வழக்கத்தைவிட இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் கூடுதலாக விட்டுத் தளர்வாகப் பிசையுங்கள். தொட்டால் கையில் லேசாக ஒட்டுகிறதே என்று மாவைத் தூவிவிடாதீர்கள், ஈரத்துணி போட்டு 20 நிமிடம் மூடி வைத்தால் அதுவே இறுகிச் சரியாகிவிடும். ஆறினபிறகும் இந்தச் சப்பாத்தி வறட்டிபோல ஆவதில்லை, இதற்காகவே நான் இதைத் தொடர்ந்து செய்கிறேன்.

படி 6: கஞ்சி, கூட்டு, இனிப்பு

கேழ்வரகுக் கூழ், ஓட்ஸ், சத்துமாவுக் கஞ்சி எல்லாவற்றிலும் அடுப்பை அணைத்தபின் 2 டேபிள்ஸ்பூன் சியாக் கூழைக் கலக்கினால் போதும். கூட்டு தண்ணீராகப் போய்விட்டால் அரிசி மாவு கரைத்து விடுவோமே, அதற்குப் பதிலாக ஒரு டீஸ்பூன் பொடி தூவி இரண்டு கொதி விடலாம். ரசத்தில் மட்டும் போடாதீர்கள். தெளிவாக இருந்தால்தான் ரசம், வெண்டைக்காய் போட்டுக் கொதிக்கவிட்ட மாதிரி ஆகிவிடும்.

முட்டை சேர்க்காத கேக்குக்கு, ஒரு முட்டைக்குப் பதிலாக ஒரு டேபிள்ஸ்பூன் பொடியை 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் வைத்துச் சேர்க்கலாம்.

புட்டிங்கைக் கிண்டல் செய்தேனே தவிர, ஒன்று மட்டும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. ஒரு டம்ளர் முதல் தேங்காய்ப்பாலில் 3 டேபிள்ஸ்பூன் முழு விதையைப் போட்டு, மேலே சொன்ன மாதிரி இரண்டு தடவை கலக்கி, ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரண்டு கருப்பட்டித் துண்டுகளைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஏலக்காய் தட்டிப் போட்டு ஆறவிடுங்கள். காலையில் மேலே ஊற்றி மாம்பழத் துண்டு போட்டால் நான்கு பேருக்குக் கிண்ணத்துக்குக் கொஞ்சமாக வரும். சூடான பாகை ஊற்றினால் தேங்காய்ப்பால் திரிந்த மாதிரி ஆகும், அதனால்தான் ஆறவிடச் சொன்னேன்.

எவ்வளவு, யாருக்கு

முதல் வாரம் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் விதைக்கு மேல் போகாதீர்கள். நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு முதல் நாளே இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொண்டால் உப்பிசம், வாயு, சிலருக்கு மலச்சிக்கலே கூட வரும், அதுவும் தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டால் நிச்சயம். பிறகு மெதுவாகப் பெரியவர்களுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வரை போகலாம். குழந்தைகளுக்கு அதில் பாதி போதும், கூழாகவோ பொடியாகவோ மட்டும்.

காய்ந்த விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். விதை தன் எடையைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் தண்ணீர் இழுக்கும். 2014-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு மாநாட்டில் சொன்ன சம்பவம் இது: 39 வயது ஆள் ஒரு ஸ்பூன் காய்ந்த சியாவை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார், அது உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொண்டது, குழாய் விட்டுத்தான் அடைப்பை நீக்கினார்கள். அவருக்கு முன்பே அவ்வப்போது விழுங்குவதில் சிரமம் இருந்ததாம். வீட்டில் வயதானவர்கள் யாருக்காவது சோறு தொண்டையில் நிற்கிறது என்ற பேச்சு இருந்தால் அவர்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், தினமும் சேர்ப்பதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், சியா பட்ட பாத்திரத்தை உடனே தண்ணீர் ஊற்றிவைத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் கோந்து போட்டு ஒட்டிய மாதிரி விதை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும், நாருக்கும் வராது, நகத்துக்கும் வராது.