வீட்டிலேயே ஹெட் கேஸ்கட் மாற்றலாம்: முதல் முறை கை வைப்பவருக்கு

என்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்கும் கீழ்பாகமான பிளாக்குக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். எரியும் வாயு சிலிண்டரை விட்டுக் கசியாமலும், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் ஆயிலும் ஒன்றோடொன்று கலக்காமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அது போய்விட்டால் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான். இத்தனைக்கும் கேஸ்கட்டின் விலை சொற்பம். அது இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரத்தான் அத்தனை உழைப்பு. அந்த உழைப்பை நாமே போட்டால் என்ன என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான்கு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் பெட்ரோல் என்ஜினை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். வி வடிவ என்ஜினில் ஹெட் இரண்டு, இடமும் நெருக்கடி. முதல் முறைக்கு அது வேண்டாம். ஆயில், பிரேக் பேடு, பெல்ட் எல்லாம் மாற்றிப் பழகிய கை என்றால் தைரியமாக இறங்கலாம். ஆனால் உங்கள் என்ஜினுக்கான சர்வீஸ் மேனுவல் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள். கீழே வரும் அளவுகள் விஷயம் புரிவதற்காக மட்டும். முறுக்க வேண்டிய அளவு மேனுவலில் உள்ளதுதான்.

போனது கேஸ்கட்தானா?

கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை. என்ஜின் சூடான பிறகும் சைலன்ஸரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்கவில்லை. ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல் போல விறைக்கிறது. கூலன்ட் தொட்டியில் விடாமல் குமிழி வருகிறது. இதில் இரண்டு மூன்று சேர்ந்தால் சந்தேகப்படலாம்.

ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த மாதிரிப் பசை இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். குளிர்காலத்தில் பக்கத்துப் பக்கத்திலேயே ஓட்டும் வண்டிகளில் வெறும் ஈரப்பதமே அப்படிப் படியும். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் கவலை.

உறுதி செய்ய இரண்டு சோதனை போதும். ஒன்று, ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் ரசாயனச் சோதனை. எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வந்திருந்தால் நீலத் திரவம் மஞ்சளாக மாறிவிடும். இரண்டாவது, சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் சேர்ந்தாற்போல் அழுத்தம் குறைந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எதனால் போனது?

நான் முதன்முதலில் மாற்றிய ஹெட் கேஸ்கட் மூன்றே வாரம்தான் தாங்கியது. போட்டதில் குறை இல்லை. ரேடியேட்டர் உள்ளே பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தது, அதை நான் பார்க்கவே இல்லை. என்ஜின் மறுபடி கொதித்தது, மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன்.

பெரும்பாலான என்ஜின்களில் கேஸ்கட் தானாகப் போவதில்லை, சூடுதான் அதைக் கொல்கிறது. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வார்ப்பிரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் போல்ட்டால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடானால் விரிய இடமில்லாமல் ஹெட் வளைகிறது, கேஸ்கட்டின் மேலுள்ள பிடி தளர்கிறது. அதனால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ஃபேன், ரேடியேட்டர் மூடி இந்த ஐந்தில் எது காரணம் என்று கண்டுபிடித்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

ஹெட் கேஸ்கட்டைத் தனியாக வாங்காமல், வால்வ் கவர், இன்டேக், எக்ஸாஸ்ட் கேஸ்கட்டுகளும் வால்வ் சீல்களும் சேர்ந்த முழு செட்டாக வாங்குங்கள். புது ஹெட் போல்ட் ஒரு செட், தெர்மோஸ்டாட், கூலன்ட், ஆயில், ஆயில் ஃபில்டர். டைமிங் பெல்ட் வகை என்றால் பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் வாட்டர் பம்ப்பும் இப்போதே மாற்றிவிடுங்கள். எப்படியும் அதுவரை பிரிக்கத்தானே போகிறோம்.

கருவிகளில் கடன் வாங்கியாவது வைத்திருக்க வேண்டியவை நான்கு: முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் நம்பகமான டார்க் ரென்ச், கோணம் அளக்கும் கேஜ், நேர்விளிம்புள்ள இரும்புப் பட்டை, நுண்ணிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ். சாக்கெட் செட்டும் நீளக் கைப்பிடியும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

பிரிப்பது

என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் தொடங்குங்கள். சூடாக இருக்கும் அலுமினிய ஹெட்டைக் கழற்றினால் அதுவே வளைந்துபோகும். எக்ஸாஸ்ட் நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே அடித்து வைத்தால் காலையில் பாதிப் போராட்டம் மிச்சம்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுங்கள். பெட்ரோல் லைனில் உள்ள அழுத்தத்தை மேனுவல் சொல்லும் முறையில் இறக்குங்கள். கூலன்ட்டை ஒரு பாத்திரத்தில் பிடித்து உடனே மூடி வையுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயோ பூனையோ குழந்தையோ வாய் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

இனி மேலிருந்து கீழே: ஏர் ஃபில்டர் குழாய், வயர் கனெக்டர்கள், ஹோஸ்கள், இன்டேக் மேனிஃபோல்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, வால்வ் கவர். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். கழற்றிய போல்ட்டைச் சின்ன உறையில் போட்டு அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். பத்து நாள் கழித்து எது எங்கே என்று நினைவிருக்காது.

அடுத்து டைமிங், அதாவது பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று ஒத்து அசையும் கணக்கு. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போல்ட்டில் சாக்கெட் போட்டு, என்ஜின் சுழலும் திசையிலேயே திருப்பி, முதல் சிலிண்டரை டி.டி.சி.க்குக் கொண்டுவாருங்கள். அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்க வேண்டும், அந்தச் சிலிண்டரின் வால்வுகள் இரண்டு வகையும் மூடியிருக்க வேண்டும். கிராங்க்கிலும் கேம்மிலும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உள்ள குறிகள் சேர்கின்றனவா என்று பார்த்து, பெயின்ட் பேனாவால் நீங்களும் குறி வையுங்கள். பிறகு டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டை எடுக்கலாம். பெல்ட் இல்லாத நிலையில் கேம்மையோ கிராங்க்கையோ இஷ்டத்துக்குத் திருப்பினால், பல என்ஜின்களில் வால்வ் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

ஹெட்டை இறக்குவது

ஹெட் போல்ட்டுகளை முறுக்கும் வரிசைக்கு நேர் எதிராக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றையும் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். முதல் அசைவில் ‘டக்’ என்று உரத்த சத்தம் வரும். பயப்பட வேண்டாம், இறுகிய போல்ட் விடுபடும் சத்தம்தான் அது. எல்லாம் தளர்ந்த பிறகே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

ஹெட் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால், இரண்டு பரப்புக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவரை மட்டும் செருகிவிடாதீர்கள். அங்கே விழும் ஒரு கீறல் போதும், புது கேஸ்கட்டும் கசியும். அதற்கென்று உள்ள புடைப்புகளில் மரக்கட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். தூக்கும்போது இன்னொருவர் கூட இருக்கட்டும். கீழே வைக்கும்போது மரக்கட்டைகள் மேல் வையுங்கள். வால்வ் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தரையில் வைத்தால் வளையும்.

பழைய கேஸ்கட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கு நடுவே கறுத்த கோடு இருந்தால் வாயு கசிந்த இடம் அதுதான். ஒரு பிஸ்டன் மட்டும் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தால், அந்தச் சிலிண்டரில்தான் கூலன்ட் இறங்கியிருக்கிறது.

ஹெட்டைப் பட்டறைக்கு அனுப்புங்கள்

வீட்டில் செய்ய முடியாத ஒரே வேலை இது. ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்து, வளைந்திருந்தால் பரப்பைச் சமமாகச் சீவி, அதாவது ஃபேஸிங் போட்டுத் தருவார்கள். அனுப்பும் முன் நீங்களும் பார்க்கலாம்: நேர்ப்பட்டையை நீளவாக்கில், குறுக்குவாக்கில், இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று சோதியுங்கள். பல என்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு ஆகாது. தலைமுடியின் தடிமன்கூட ஏறக்குறைய அவ்வளவுதான். பிளாக்கின் மேல்பரப்பையும் இதே மாதிரி பாருங்கள். ஹெட்டைச் சரிசெய்து பிளாக்கை மறந்தவர்கள் நிறைய.

சுத்தம் செய்வது

வேலையில் பாதி நேரம் இதற்கே போகட்டும். சிலிண்டர்களுக்குள் சுத்தமான துணி அடைத்துக்கொள்ளுங்கள், ஆயில், கூலன்ட் ஓட்டைகளையும் டேப்பால் மூடுங்கள். பிளாஸ்டிக் சுரண்டியும் கேஸ்கட் கரைப்பானும் வைத்துப் பொறுமையாக எடுங்கள். டிரில்லில் மாட்டும் உராய்வுத் தட்டு சீக்கிரம் முடித்துவிடும், ஆனால் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் பொடி ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். மேற்பரப்பிலும் பள்ளம் விழும். கடைசியில் பிரேக் கிளீனர் அடித்து, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறை வராத வரை துடையுங்கள். நகத்தால் மெல்ல இழுத்துப் பார்த்தால் எங்கும் தடுக்கக் கூடாது.

பிளாக்கில் உள்ள போல்ட் ஓட்டைகளைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை. ஹெட்டைத் தூக்கும்போது கூலன்ட் வழிந்து அந்த ஓட்டைகளில் தேங்கிவிடும். அதன் மேல் போல்ட்டை முறுக்கினால், திரவம் சுருங்காது, போக வழியும் இல்லை. ஒன்று டார்க் ரென்ச் பொய்யான அளவைக் காட்டும், அல்லது பிளாக்கே விரிசல் விடும். பிரேக் கிளீனரின் மெல்லிய குழலை ஓட்டையின் அடிவரை விட்டு அடியுங்கள். சேறு மாதிரி பழுப்பு நீர் பொங்கி வரும். தெளிந்து வரும்வரை அடித்து, காற்றால் ஊதி உலர்த்துங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது நேராக முகத்துக்குத்தான் வரும். பிறகு ஒரு போல்ட்டைக் கையாலேயே சுற்றிப் பாருங்கள். அடிவரை தங்குதடையில்லாமல் இறங்க வேண்டும்.

கேஸ்கட் வைப்பது

ஹெட்டைச் சரியான இடத்தில் நிறுத்தும் டோவல் பின்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, கேஸ்கட்டை உலர்வாக வையுங்கள். பல அடுக்கு எஃகு கேஸ்கட்டுக்கு சீலன்ட் தடவக் கூடாது. டைமிங் கவர் சேரும் மூலையில் மட்டும் சில என்ஜின்களில் ஒரு சொட்டு கேட்பார்கள். எது மேல்பக்கம் என்று கேஸ்கட்டிலேயே குறி இருக்கும். ஓட்டைகள் எல்லாம் பிளாக்கோடு பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டீசல் என்ஜினில் கேஸ்கட் பல தடிமன்களில் வரும், விளிம்பில் உள்ள வெட்டு அல்லது ஓட்டைகளின் எண்ணிக்கைதான் தடிமனைச் சொல்லும்.

ஹெட்டை வைக்கும் முன் கிராங்க்கை டி.டி.சி.யிலிருந்து 90 டிகிரி திருப்பி வைக்கச் சொல்லும் மேனுவல்கள் உண்டு. அப்போது நான்கு பிஸ்டனும் நடுவழியில் நிற்கும், வால்வ் இடிக்க வாய்ப்பில்லை. ஹெட்டை நேராக இறக்குங்கள். கேஸ்கட்டின் மேல் இழுத்து நகர்த்த வேண்டாம்.

போல்ட் முறுக்குவது

டார்க் ரென்ச்சில் நாம் போடும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு திரெட்டிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உராய்வாகவே போய்விடும். மிச்சம்தான் போல்ட்டை இழுத்து ஹெட்டை அழுத்துகிறது. திரெட்டில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் கணக்கு தப்பும். அதனால்தான் இப்போதைய என்ஜின்களில் குறைந்த டார்க்கில் முறுக்கிவிட்டு, மிச்சத்தைக் கோணக் கணக்கில் திருப்பச் சொல்கிறார்கள். இந்த வகைப் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும். பழையதை மறுபடி போடாமல் புதுசு வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

திரெட்டிலும் தலைக்கு அடியிலும் என்ஜின் ஆயிலை லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள், மேனுவல் வேண்டாம் என்றால் வேண்டாம். வரிசை நடுவிலிருந்து ஓரத்துக்கு. உதாரணமாக, பத்து போல்ட்டையும் முதலில் 30 நியூட்டன் மீட்டர், மறுபடி பத்தையும் 60, பிறகு ஒவ்வொன்றையும் 90 டிகிரி, இன்னொரு முறை 90 டிகிரி என்று மேனுவல் சொல்லலாம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் போல்ட் தலையில் பெயின்ட் புள்ளி வையுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் எது முடிந்தது என்று குழம்பாது.

ஒரே இழுப்பாக, நிதானமாக இழுங்கள். பாதியில் நின்று மறுபடி தொடங்கினால், நின்ற போல்ட்டை அசைக்கக் கூடுதல் பலம் வேண்டும், ரென்ச் முன்கூட்டியே ‘கிளிக்’ ஆகிவிடும். கடைசி 90 டிகிரியில் போல்ட் ரப்பர் மாதிரி இழுபடுவதைக் கை உணரும். திடீரென்று லேசாகிவிட்டால் மட்டும் நிறுத்துங்கள், திரெட் போயிருக்கலாம்.

டைமிங்கும் மற்றவையும்

குறிகளைச் சேர்த்து பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை இறுக்கியதும் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். கிராங்க்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள். எங்காவது முட்டினால் பலம் போடாமல் நிறுத்தி, டைமிங்கை மறுபடி பாருங்கள். முட்டாமல் சுற்றி, குறிகள் மறுபடி சேர்ந்தால் சரி. மற்ற பாகங்களை எடுத்த படங்களைப் பார்த்துப் பொருத்திக்கொள்ளலாம். பழைய ஆயிலில் கூலன்ட் கலந்திருக்கும், ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம் மாற்றுங்கள்.

முதல் ஸ்டார்ட்

கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேறும் திருகைத் திறந்து விடுங்கள். உள்ளே காற்று தேங்கினால் ஹெட் அந்த இடத்தில் கொதிக்கும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு சில நொடி மட்டும் கிராங்க் செய்தால் ஆயில் மேலே ஏறும். பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

சில நிமிடம் வெள்ளைப் புகை வரும். சைலன்ஸரில் தேங்கிய கூலன்ட் அது, காய்ந்ததும் நிற்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, வெப்பநிலை முள்ளிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் சூடாகும், பிறகு ஃபேன் தானாகச் சுற்றி நிற்கும். அது சுற்றாமல் முள் மேலே ஏறினால் உடனே அணைத்துவிடுங்கள், காரணம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஃபேன் இரண்டு மூன்று முறை சுற்றி நின்றதும் அணைத்து, முழுதாக ஆறவிட்டு, மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் நிற்கும் கோட்டைப் பாருங்கள். கோடு அசையாமல் நின்று, ஆயிலும் தெளிவாக இருந்தால் சில நூறு கிலோமீட்டரில் ஆயிலை மட்டும் இன்னொரு முறை மாற்றிவிடுங்கள். உள்ளே ஒட்டியிருந்த மிச்சக் கூலன்ட்டும் அதோடு வெளியேறிவிடும்.