பழைய தொலைபேசி ரிசீவரைக் கையாள்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1877-இல் கிரகாம் பெல்லின் கைத்தொலைபேசி புழக்கத்துக்கு வந்தபோது பேசுவதற்கும் கேட்பதற்கும் அந்த ஒரே கருவிதான் இருந்தது. வாயருகே பிடித்துப் பேசியவர் மறுமொழியைக் கேட்க அதையே காதுக்குக் கொண்டுபோனார். பேசுவதற்கென்று தனியாகக் கரி மைக் (கரித்துகளால் குரலை மின்னோட்டமாக்கும் கருவி) பரவிய பிறகுதான் அது கேட்பதற்கு மட்டுமான ரிசீவராகச் சுருங்கியது. ஆகவே அக்காலக் கருவியைப் பார்த்து மைக்கைக் காணோம் என்று முடிவுகட்டுவதே முதல் தவறு.

அடுத்த தவறு, உள்ளிருக்கும் நிலைக்காந்தத்தைப் பொருட்படுத்தாமல் விடுவது. நீண்ட எஃகுக் காந்தம், அதன் நுனியில் மெல்லிரும்புத் துண்டு, அதைச் சுற்றி மெல்லிய கம்பிச்சுருள், எதிரே மயிரிழை இடைவெளியில் இரும்புத் தகடு: உள்ளே இருப்பது இவ்வளவுதான். காந்தம் இல்லையென்றால் மின்னோட்டம் எத்திசையில் பாய்ந்தாலும் தகடு உள்நோக்கியே இழுக்கப்படும். ஓர் அலைக்கு இருமுறை அதிர்ந்து பேச்சைக் குழப்பிவிடும், ஒலியும் மிக மெலிந்திருக்கும். காந்தம் ஏற்கெனவே தகட்டை ஓரளவு இழுத்து வைத்திருப்பதால்தான் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் அப்படியே அதிர்வாகிறது. ஒலி மங்கியதும் சுருளைப் பிரித்துப் புதிதாகச் சுற்றத் தொடங்குவோர் காந்தத்தின் வலுவை முதலில் சோதித்துப் பார்ப்பதில்லை. சூடேற்றினாலும் சுத்தியலால் தட்டினாலும் அந்த வலு குறையும்.

இடைவெளியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒற்றைத் துருவ ரிசீவர்கள் (காந்தத்தின் ஒரு முனை மட்டுமே தகட்டை நோக்கியிருப்பவை) பலவற்றில் காந்தம் எபோனைட் எனும் கடினமாக்கிய கருநிற ரப்பர் கூட்டின் வால்முனையில் திருகப்பட்டிருக்கும். தகடோ மறுமுனையில், கூட்டின் விளிம்பில் அமர்ந்திருக்கும். எபோனைட் வெப்பத்தில் எஃகைவிடப் பல மடங்கு நீளும். 15 செ.மீ. நீளக் கூட்டில் வெப்பநிலை 20 டிகிரி உயர்ந்தால், இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மி.மீ. வேறுபாடு உண்டாகும். மயிரிழை இடைவெளியில் இது சிறிய அளவன்று. காலையில் தெளிவாகக் கேட்டது நண்பகலில் மங்குவதும், குளிரில் தகடு காந்தத்தோடு ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். பின்னாளில் காந்தத்தைத் தகட்டுக்கு அருகிலேயே பொருத்தி இக்குறையை நீக்கினார்கள். காரணம் தெரியாமல் தகட்டின் அடியில் காகித வளையம் செருகிச் சரிசெய்ய முனைவது, ஒரு பருவத்துக்கு ஏற்றதை மறு பருவத்தில் கெடுப்பதாகும்.

மூடியைத் திருகிக் கழற்றியதும் தகட்டைத் திருப்புளியால் நெம்பி எடுக்கக் கூடாது. காந்தம் அதை விடாமல் பிடித்திருக்கும். நெம்பினால் நடுவில் குழி விழும், குழி விழுந்த தகடு கரகரக்கும். விரலால் மெல்லப் பக்கவாட்டில் தள்ளி, விளிம்பைத் தாண்டியதும் எடுக்க வேண்டும். இரும்புத் தூள் கிடக்கும் மேசையில் இவ்வேலையைச் செய்வது கூடாது. துருவத்தில் ஒட்டிய தூளைத் துணி அகற்றாது, ஒட்டுநாடா அகற்றும்.

எபோனைட்டை வெந்நீரில் கழுவுவதும் வெயிலில் உலர்த்துவதும் அதன் கருமையைப் பழுப்பாக்கிவிடும். ரிசீவரின் இணைப்பு வடத்தைப் பற்றவைக்க நினைப்பவர்கள் அதன் உள்ளமைப்பை முதலில் பார்க்கட்டும்: நூலின் மேல் செம்புச் சரிகை சுற்றியது அது. பற்றவைப்பானின் சூட்டில் நூல் கருகிவிடும் என்பதால் முனையில் உலோகக் கொக்கியை இறுக்கிப் பொருத்துவதே முறை.

எடை குறைந்த பிளாஸ்டிக் போலியை மாட்டுவோர் கவனிக்காத ஒன்றும் உண்டு. ரிசீவரின் எடைதான் அதை மாட்டும் தொலைபேசிக் கொக்கியைக் கீழே அழுத்தி இணைப்பைத் துண்டிக்கிறது. எடை போதாவிட்டால் ரிசீவரை மாட்டிய பிறகும் கொக்கி மேலேயே நிற்கும், எதிர்முனைக்கு அந்தத் தொலைபேசி எந்நேரமும் பேச்சில் இருப்பதாகவே தோன்றும்.